கேசட் பேச்சைக் கணினியின் காதுக்குக் கொண்டுபோன பாதை: சாட்ஸ்வர்த்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில், ஒரு சிறிய தமிழ்க் குழுவிடம் பழைய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. 1980களில் முதியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தவை அவை. கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களும், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்டு 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர்களும் அவற்றில் பேசுகிறார்கள். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றியதைச் சொல்கிறார்கள். விடிய விடிய நடந்த தெருக்கூத்தைச் சொல்கிறார்கள். சிலர் நடுவில் பாடவும் செய்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். கேசட்டில் ஒலிப்பவை அவர்களுடைய பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் குரல்கள்.

அந்தக் குரல்களை எழுத்தாக்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம். பேசியவர்களில் அநேகமாக எல்லோரும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன ஊர்ப் பெயரையும் உறவுப் பெயரையும் அடையாளம் காட்டக்கூடியவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

கேசட்டுகள் ஏற்கெனவே கணினிக் கோப்புகளாக மாற்றப்பட்டிருந்தன. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்தபட்ச அளவாகச் சொல்லும் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் அந்த வேலை ஒழுங்காக முடிந்திருந்தது. தடை எழுதுவதில்தான் வந்தது. குழுவில் உள்ள இளைஞர்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும்; ஆனால் தமிழில் தட்டச்சு செய்வது அவர்களுக்குப் பெரும்பாடு. அதனால் உலாவியில் இயங்கும் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பேசினால் தமிழில் எழுதித் தரும் வசதி அது. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அது மைக்கில் வருவதை மட்டுமே கேட்கும். கணினியில் இருக்கும் கோப்பை எடுத்து நேராக அதன் கையில் கொடுக்க வழியில்லை.

எனவே மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கேசட் பேச்சை ஓடவிட்டு, அதே மடிக்கணினியின் மைக் அதைக் கேட்கும்படி விட்டிருந்தார்கள். திரையில் வந்தவை துண்டு துண்டான வரிகள். நடுநடுவே நீண்ட நேரம் ஒன்றுமே வராது. ‘நேட்டால் தமிழ் இயந்திரத்துக்குப் புரியவில்லை’ என்பது குழுவில் பலருடைய முடிவு. இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் இருந்த வருத்தத்தை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தாத்தாவும் ஆயாவும் பேசிய தமிழே குறையுள்ளது என்று ஒரு இயந்திரம் தீர்ப்புச் சொன்னதுபோல் அவர்கள் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

குறை பாதையிலா, காதிலா

இந்த மாதிரிச் சிக்கலில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒலி போய்ச் சேரும் பாதையில் குறை இருக்கலாம். போய்ச் சேர்ந்த ஒலியைப் புரிந்துகொள்ளும் மென்பொருளில் குறை இருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். தவறான சொல் வரும், அல்லது சொல்லே வராது.

பிரிப்பதற்கு எளிய சோதனை ஒன்று போதுமாக இருந்தது. குழுவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, பாடநூல் தமிழில் ஒரு பத்தியை மைக் முன்னால் அமர்ந்து நேராகப் படித்தார். திரையில் ஏறக்குறைய முழுதும் சரியாக வந்தது. அதே பத்தியை அவர் படிக்கும்போது கைப்பேசியில் பதிவு செய்து, அந்தக் கோப்பைக் கேசட் பேச்சை ஓடவிட்ட அதே முறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டோம். பாதிக்கு மேல் காணாமல் போயிற்று.

“தம்பி, நான் பேசினால் எழுதுகிறது. நான் பேசியதையே ஓடவிட்டால் எழுத மறுக்கிறது. அப்படியென்றால் குறை ஆயாவின் தமிழில் இல்லையே?” என்றார் அவர்.

“ஆயாவின் தமிழ் இன்னும் அதன் காதுக்கே போய்ச் சேரவில்லை, டீச்சர்” என்றேன்.

ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. சிறிய ஸ்பீக்கர் அடித்தொனியை விழுங்கிவிடுகிறது. அறையின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சொற்களின் ஓரங்களை மழுங்கடிக்கிறது. கேசட்டுக்கே உரிய சீறல் ஒலியோடு தெருவின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பலருக்கும் தெரிவதில்லை. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றின் மைக், எதிரொலி நீக்கும் மென்பொருளோடு வருகிறது. காணொளி அழைப்பில் எதிர்முனையில் இருப்பவரின் குரல் நம் ஸ்பீக்கரிலிருந்து மைக்கில் ஏறி அவருக்கே திரும்பிப் போகாமல் தடுப்பது அதன் வேலை. ஸ்பீக்கருக்கு என்ன ஒலி அனுப்பப்பட்டது என்பது அதற்குத் தெரியும். அதே ஒலி மைக்கில் வந்தால் கழித்துவிடும். சாட்ஸ்வர்த்தில் நடந்ததும் இதுதான். அழைப்புக்குப் பெரிதும் உதவும் வசதி, ஆயாவின் குரலை எதிரொலி என்று எண்ணித் துடைத்துக்கொண்டிருந்தது. திரையில் நீண்ட நேரம் ஒன்றும் வராமல் இருந்த இடங்களுக்கு இதுவே விளக்கம்.

ஒலி ஏற்கெனவே கணினிக்குள் தூய்மையாக இருக்கிறது. அதைக் காற்றில் விட்டு, அறையில் அலையவைத்து, திரும்பவும் உள்ளே பிடிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. உள்ளேயே ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

உள்வழிப் பாதை

விண்டோஸ் ஒலிக் கருவிகளை இரண்டு பட்டியல்களாக வைத்திருக்கிறது. ஒலி வெளியே போகும் கருவிகள் ஒன்றில்: ஸ்பீக்கர், ஹெட்போன். ஒலி உள்ளே வரும் கருவிகள் மற்றதில்: மைக் வகைகள். இசை ஓட்டும் நிரல் முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே ஒலியைக் கொடுக்கும்; குரல்வழித் தட்டச்சு இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றிலிருந்து மட்டுமே கேட்கும். இரண்டுக்கும் நடுவே இயல்பாகப் பாலம் கிடையாது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

பழைய கணினிகள் சிலவற்றில் பாலம் ஏற்கெனவே ஒளிந்திருக்கும். அதன் பெயர் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’. ஒலிப்பதிவுக் கருவிகளின் பட்டியலில் வெற்றிடத்தில் வலது சொடுக்கு கொடுத்து, முடக்கப்பட்ட கருவிகளைக் காட்டச் சொன்னால் தென்படும். அதை இயக்கித் தெரிவு செய்தால், கணினியில் ஒலிப்பது எல்லாம் மைக்கில் வருவதுபோல் மற்ற நிரல்களுக்குக் கிடைக்கும். ஆனால் அது கணினியின் சொந்த ஒலிச் சில்லில் ஓடுவதை மட்டுமே பிடிக்கும். புளூடூத் ஹெட்போனிலோ யூ.எஸ்.பி. ஹெட்போனிலோ கேட்டால் ஒன்றும் வராது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில், ஒலிச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரில் அது இருப்பதே இல்லை. குழுவின் மடிக்கணினியிலும் இல்லை.

அடுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலை யோசித்தோம். அது ‘வாசாபி’ என்ற விண்டோஸின் ஒலி இடைமுகம் வழியாகக் கணினியின் உள்ளொலியை நேராகப் பதிவு செய்யும். இணையத்தில் இந்தச் சிக்கலுக்குச் சொல்லப்படும் தீர்வுகளில் பாதி இதுதான். ஆனால் பதிவு செய்வது வேறு, இன்னொரு நிரலுக்கு மைக்காகக் கொடுப்பது வேறு. ஆடாசிட்டி பிடித்த ஒலி ஆடாசிட்டிக்குள்ளேயே நின்றுவிடும். உலாவிக்கு அது கிடைக்காது. கோப்பு நம்மிடம் இருக்கும்போது மறுபடி பதிவு செய்வதால் பயனும் இல்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது மெய்நிகர் ஒலிக் கேபிள். விண்டோஸுக்கு ‘வி.பி. கேபிள்’ என்ற மென்பொருள் கிடைக்கிறது. விருப்பமுள்ளவர் நன்கொடை தரலாம் என்ற முறையில் தருகிறார்கள். நிர்வாகி உரிமையோடு நிறுவிக் கணினியை மறுபடி தொடங்கினால், இரண்டு பட்டியல்களிலும் புதிதாக ஒவ்வொரு கருவி வந்திருக்கும். வெளியே போகும் பட்டியலில் ‘கேபிள் இன்புட்’. உள்ளே வரும் பட்டியலில் ‘கேபிள் அவுட்புட்’. பெயர்கள் தலைகீழாக இருப்பதுபோல் தோன்றும். முதன்முறை பார்க்கும் எல்லோரும் இந்த இடத்தில் திகைப்பார்கள். கேபிளை ஒரு குழாயாக எண்ணிக்கொண்டால் குழப்பம் தீரும். நாம் ஒலியை ஊற்றும் வாய் இன்புட். அது கொட்டும் வாய் அவுட்புட். இசை ஓட்டும் நிரல் ஊற்றுகிறது, தட்டச்சு நிரல் மறுமுனையில் பிடிக்கிறது.

நிறுவியவுடன் கணினி ஊமையாகிவிட்டதாக ஒரு பதற்றம் எழுவது வழக்கம். புதிதாக வந்த கேபிளை விண்டோஸ் தானாகவே முதன்மைக் கருவியாக எடுத்துக்கொள்வதுண்டு. அப்போது எல்லா ஒலியும் கேபிளுக்குள் போய்விடும், ஸ்பீக்கருக்கு ஒன்றும் வராது. ஒலி அமைப்புகளுக்குப் போய் ஸ்பீக்கரை மீண்டும் முதன்மையாக்கினால் சரியாகிவிடும். அதை அப்படித்தான் வைக்கவும் வேண்டும். கணினியின் முழு ஒலியையும் கேபிளில் விட்டால், மின்னஞ்சல் வந்ததற்கான மணியோசைகூட ஆயாவின் பேச்சுக்கு நடுவே நுழையும். 2018இல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக ஒலிக் கருவியைத் தெரிவு செய்யலாம். வி.எல்.சி. போன்ற ஒலி ஓட்டும் நிரல்களில் ஒலிப் பட்டியிலேயே அந்தத் தெரிவு இருக்கிறது. கேசட் பேச்சை ஓட்டும் வி.எல்.சி. மட்டும் கேபிள் இன்புட்டுக்கு. உலாவியின் மைக்காகக் கேபிள் அவுட்புட். மற்ற எல்லாம் முன்பு இருந்தபடி.

இப்போது பேச்சு தட்டச்சுக்குப் போகும். ஆனால் நம் காதுக்கு வராது. திருத்த வேண்டியவர் கேட்காமல் எப்படித் திருத்துவார்? ஒலிப்பதிவுப் பட்டியலில் கேபிள் அவுட்புட்டின் பண்புகளைத் திறந்தால் ‘கேள்’ என்ற பொருளில் ஒரு தாவல் இருக்கும். ‘இந்தக் கருவியைக் கேள்’ என்பதற்குக் குறியிட்டு, ஒலிக்கும் இடமாக ஹெட்போனைத் தெரிவு செய்ய வேண்டும். கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். இந்த வேலைக்கு அது தடையில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை மிக முக்கியம். கேட்கும் இடமாகத் தவறியும் கேபிள் இன்புட்டையே கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் வெளியே வந்த ஒலி திரும்பத் திரும்பக் கேபிளுக்குள்ளேயே சுற்றிப் பெருகும். அதை ஹெட்போனில் கேட்பவரின் காதுக்கு அது நல்லதல்ல.

கேபிளின் இரு முனைகளிலும் மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, ஒன்றாக இருக்க வேண்டும். நம் கோப்புகள் 48,000 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டிலும் அதையே வைத்தோம். ஒன்றில் 44,100, மற்றதில் 48,000 என்று விட்டால் வெடிப்பொலிகள் வர வாய்ப்பிருக்கிறது.

குழுவில் இருவர் வேறு கணினிகளில் வேலை செய்கிறார்கள். உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ‘மானிட்டர்’ என்ற உள்வரும் கருவி ஒன்று தானாகவே இருக்கிறது; அந்த ஸ்பீக்கரில் ஒலிப்பதை அது மைக்கைப் போலத் தரும். பல்ஸ்ஆடியோ ஒலிக் கட்டுப்பாட்டு நிரலின் பதிவுத் தாவலில் உலாவிக்கு அதைத் தெரிவு செய்தால் போதும். எனக்கு இந்த ஏற்பாடுதான் மிகவும் பிடித்தது: மூன்று இயங்குதளங்களில் இந்தத் தேவையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தது இதுதான். மேக் வைத்திருப்பவர் ‘பிளாக்ஹோல்’ என்ற திறந்தமூல மென்பொருளை நிறுவி, ஒலி அமைப்பு நிரலில் பிளாக்ஹோலையும் ஹெட்போனையும் ஒரே பல்வழிக் கருவியாகச் சேர்த்தார். அப்படிச் சேர்த்த பிறகு விசைப்பலகையின் ஒலியளவு விசைகள் வேலை செய்யாது. முன்னதாகவே அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதை துலங்கிய பிறகு

முதலில் ஆசிரியையின் அதே பத்தியைக் கேபிள் வழியாக ஓடவிட்டோம். நேராகப் பேசியபோது வந்ததைப் போலவே வந்தது. பாதையில் இனிக் குறையில்லை என்பதற்கு இந்தச் சான்று போதும். அதற்குப் பிறகுதான் கேசட்டுக்குப் போனோம்.

முன்பு வெறுமையாக இருந்த இடங்களில் வரிகள் வந்தன. ஓர் ஆயா தன் திருமணத்தைப் பற்றித் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பகுதி பெரும்பாலும் படிக்கும்படி வந்தது. அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஆனால் எல்லாப் பகுதியும் அப்படி வரவில்லை. மீதமிருந்த குறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சில, கேசட்டிலேயே இருந்தவை. ஒரு சில பதிவுகளில் ஒரு பக்கச் சேனலில் மட்டுமே பேச்சு இருந்தது. இரண்டு சேனலையும் ஒன்றாக்கும்போது மறுபக்கத்து மௌனமும் சேர்ந்து சராசரியாகி, ஒலி 6 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஆடாசிட்டியில் பேச்சுள்ள சேனலை மட்டும் பிரித்தெடுத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு உயர்த்தினோம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உள்ள பதிவுகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினோம். சீறலை நீக்கும் வடிகட்டியை மட்டும் மென்மையாகவே பயன்படுத்தினோம். அது அளவு மீறினால் ச, ஷ, ஸ ஒலிகளைச் சேர்த்துத் தின்றுவிடும். இவை எல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்பை யாரும் தொடக் கூடாது என்பது குழுவின் உறுதியான விதி.

ஒரு கேசட்டில் பேச்சு வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. பேட்டரி தளர்ந்த டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தால் நாடா மெதுவாக ஓடும். சரியான வேகத்தில் ஓட்டும்போது பேச்சு விரைந்து, குரல் கீச்சிடும். அதைக் கண்டுபிடித்தவர் கணினி தெரிந்த எவரும் அல்லர். பேசியவரின் மகள் வந்திருந்தார். “எங்கள் அம்மாவின் குரல் இவ்வளவு கீச்சாக இருக்காது” என்றார். அவர் தலையசைக்கும் வரை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அந்த வேகத்தில் ஓடவிட்டபோது திரையிலும் சொற்கள் கூடுதலாக வந்தன.

இவை எல்லாம் தீர்ந்த பிறகும் மிஞ்சியதுதான் உண்மையில் மென்பொருளின் குறை. டோங்காட், வெருலம், அம்ஸிண்டோ, இசிபிங்கோ போன்ற ஊர்ப் பெயர்கள் வந்தால் அது தனக்குத் தெரிந்த வேறேதோ சொல்லை எழுதியது. ஜூலுவிலிருந்தும் ஆஃப்ரிக்கான்ஸிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்து எங்கள் வீட்டுப் பேச்சில் கலந்த சொற்களிலும் அதே கதை. வட ஆர்க்காட்டு, செங்கல்பட்டுப் பேச்சின் சாயல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடல் கடந்து இங்கே தனியாக வளர்ந்திருக்கிறது. மென்பொருள் அதைக் கேட்டுப் பழகவில்லை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அது கைவிட்டது. பாட்டு வந்தால் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ‘நம் தமிழ் புரியவில்லை’ என்று மொத்தமாகக் கைவிட்ட இடத்திலிருந்து, எந்தெந்தச் சொல் புரியவில்லை என்று பட்டியலிடும் இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த மாற்றத்தைத்தான் இந்த வேலையின் பெரிய பலனாக நான் எண்ணுகிறேன்.

அத்தகைய பகுதிகளுக்கு மறுபேச்சு முறையைக் கையாண்டோம். தொலைக்காட்சியில் நேரலைக்குத் துணையெழுத்து போடுபவர்கள் இதைச் செய்கிறார்கள்: ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, கேட்டதைத் தெளிவாகத் தாங்களே மைக்கில் திருப்பிச் சொல்வார்கள், மென்பொருள் அவர்கள் குரலை எழுதும். ஆசிரியை இதில் மிக விரைவில் தேர்ந்துவிட்டார். இதற்குப் பாதை நேர்மாறாக இருக்க வேண்டும். கேசட் பேச்சு ஹெட்போனுக்கு மட்டும் போக வேண்டும், தட்டச்சுக்கு அதன் ஒரு துளியும் போகக் கூடாது. உலாவியின் மைக் மறுபடி உண்மையான மைக். அவர் பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக மாற்றிச் சொல்லாமல், ஆயா சொன்னபடியே சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது. மென்பொருளுக்கு எளிதாகட்டும் என்று ஆயாவின் சொல்லை மாற்றிவிட்டால், நாங்கள் காப்பாற்ற வந்ததையே இழந்துவிடுவோம். மென்பொருள் ஏற்காத சொல்லைப் பிறகு கையால் தட்டச்சு செய்கிறோம்.

கோப்பை நேராகவே வாங்கிக்கொண்டு எழுதித் தரும் நிரல்கள் இல்லையா என்று வாசகர் கேட்கலாம். இருக்கின்றன. 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் அவற்றில் ஒன்று. தமிழும் அதற்குத் தெரியும், இணையமில்லாமலும் இயங்கும், மைக்கும் கேபிளும் வேண்டியதில்லை. ஆனால் அதன் பெரிய மாதிரிக்கு (மாடலுக்கு) ஏறத்தாழ 10 ஜிகாபைட் வரைகலை நினைவகம் வேண்டும். குழுவின் மடிக்கணினியில் அது கிடையாது. சிறிய மாதிரிகள் தமிழில் தடுமாறுகின்றன. வசதியான கணினி வைத்திருப்பவர்கள் அதை முதலில் முயன்று பார்ப்பதே நல்லது. எங்களுக்கு இன்னொரு நன்மையும் கேபிள் முறையில் இருந்தது: ஒலி ஓடும்போதே வரி வருவதால், கேட்டுக்கொண்டிருக்கும் முதியவர் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லித் திருத்துகிறார்.

இரண்டு நடைமுறைச் செய்திகள். உலாவியின் தட்டச்சுப் பக்கத்தை விட்டு வேறு சாளரத்தைச் சொடுக்கினால் குரல்வழித் தட்டச்சு நின்றுவிடலாம்; விசைப்பலகையில் உள்ள ஓட்டு–நிறுத்து விசையைக் கொண்டே வி.எல்.சி.யை இயக்குவது உத்தமம். மின்வெட்டு அட்டவணை நடப்பில் உள்ள நாட்களில் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ஆனால் இணைய ரௌட்டர் அணைந்துவிடும்; ரௌட்டருக்கென்று ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். உலாவியின் குரல்வழித் தட்டச்சு ஒலியை வெளியே உள்ள ஒரு சேவையகத்துக்கு அனுப்பித்தான் எழுத்தாக்குகிறது. பேசியவர்கள் 1980களில் தங்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, தங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் மனம் திறந்தவர்கள். யார் யாரை அடித்தார், யார் வீட்டைவிட்டு ஓடினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கேசட்டையும் கேபிளில் விடுவதற்கு முன் குடும்பத்தாரிடம் ஒப்புதல் வாங்குகிறோம். ஒப்புதல் கிடைக்காதவற்றைக் கணினியிடம் கொடுப்பதில்லை. ஆசிரியையும் இன்னும் இருவரும் கேட்டுக் கையால் எழுதுகிறார்கள். தெருக்கூத்துப் பாட்டுகளும் அப்படியே. விளங்காத சொல் வரும் இடத்தில் நேரத்தைக் குறித்து ஒரு கேள்விக்குறி இடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் பூஜை முடிந்ததும் அந்த இடங்களை மட்டும் ஹெட்போனில் மூத்தவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறோம். பெட்டியில் தெலுங்குப் பேச்சுள்ள கேசட்டுகளும் சில கிடக்கின்றன. அவற்றுக்கும் இதே பாதை போதும். தட்டச்சு மொழியை மட்டும் மாற்ற வேண்டும். வந்த எழுத்தைச் சரிபார்க்கத் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.